ஒரு லிட்டரில் தொடங்குங்கள்: பழைய எண்ணெயிலிருந்து பயோடீசல்

பயோடீசல் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எவ்வளவு பெரிய டிரம் வாங்கலாம் என்பதுதான். டிரம் இப்போதைக்கு வேண்டாம், பொரித்து முடித்த சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் போதும் என்பேன். ஒரு லிட்டரைச் சரியாகச் செய்யத் தெரிந்துவிட்டால் நூறு லிட்டர் பெரிய விஷயமில்லை. இந்த வேலையில் பாதிக்கு மேல் எண்ணெயைச் சோதிப்பதுதான். கலக்குவது அதற்கு அப்புறம் வருகிற சின்ன வேலை. சோதிக்காமல் மெத்தனால் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

டீசல் எஞ்சினுக்குத் தாவர எண்ணெய் புதிதல்ல. 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டினால் எஞ்சின் நாளடைவில் கெடும். டீசலைவிட எண்ணெய் பல மடங்கு கெட்டியானது. இன்ஜெக்டரால் அதைப் பொடிப்பொடியாகத் தூவ முடியாது. சரியாக எரியாத எண்ணெய் கரியாகவும் பிசினாகவும் படியும். அதனால்தான் எண்ணெயையே மாற்ற வேண்டியிருக்கிறது. எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசரின் தண்டில் கோத்திருக்கின்றன. காஸ்டிக் சோடாவின் (சோடியம் ஹைட்ராக்சைடு; சமையல் சோடா அல்ல) துணையோடு மெத்தனால் என்கிற ஆல்கஹால் அந்தச் சங்கிலிகளைக் கழற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அப்படிக் கழன்று வந்ததுதான் பயோடீசல். கனமான கிளிசரின் அடியில் இறங்கிவிடுகிறது.

வேலையைத் தொடங்கும் முன் மெத்தனாலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடித்தால் கண் பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே நுழையும். தீப்பிடித்தால் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. காஸ்டிக் சோடா கலந்த மெத்தனால் இன்னும் மோசம். கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வைக்கு ஆபத்து. அதனால் திறந்த வெளியில், தீயும் தீப்பொறியும் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, ரசாயனம் ஊடுருவாத நீண்ட கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேலே பட்டுவிட்டால் வேறு எதையும் தேடாமல் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். அலுமினியப் பாத்திரமும் ஆகாது. காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். பொரித்து முடித்த எண்ணெயைச் சில நாள் அசையாமல் வைத்து, தெளிந்த மேல்பகுதியை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடுத்து ஈரம். ஒரு சிறிய வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயைச் சூடாக்கிப் பாருங்கள். சடசடவென்று வெடித்தாலோ குமிழி கிளம்பினாலோ தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் மொத்த எண்ணெயையும் 110 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கி, குமிழி அடங்கும்வரை வைத்திருந்து ஆறவிடுங்கள். இந்தச் சமயத்தில் மெத்தனால் பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது. எண்ணெயில் ஈரம் இருந்தால் சோடா எண்ணெயைப் பயோடீசலாக்காமல் சோப்பாக்கிவிடும்.

இப்போது நான் முக்கியம் என்று சொன்ன சோதனை. பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் அமிலம் கூடிக்கொண்டே போகும். அந்த அமிலத்தைத் தணிக்கவே கொஞ்சம் சோடா செலவாகும். எவ்வளவு செலவாகும் என்று தெரிந்தால்தான் சரியான அளவு போட முடியும். முதலில் 1 கிராம் காஸ்டிக் சோடாவை 1 லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய கண்ணாடிக் குடுவையில் 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி, அமிலம் தீர்ந்ததும் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் கரைசலை இரண்டு மூன்று துளி விடுங்கள். ஆல்கஹாலிலேயே லேசாக அமிலம் இருக்கலாம். அதனால் எண்ணெய் சேர்க்கும் முன்பே சோடாக் கரைசலை ஒரு துளி, இரண்டு துளி விட்டு, மங்கலான இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணக்கு நம்பும்படி வருவது இந்த ஓர் அடியால்தான்.

அடுத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் மிகச் சரியாக 1 மி.லி. எண்ணெயை எடுத்து அதில் விட்டுக் கலக்குங்கள். நிறம் மறைந்துவிடும். இன்னொரு சிரிஞ்சில் சோடாக் கரைசலை எடுத்து, குடுவையைச் சுழற்றிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள். துளி விழுந்த இடத்தில் சிவப்பு பூத்து உடனே கலைந்துபோகும். போகப் போக அது கலைய நேரம் எடுக்கும். மொத்தக் குடுவையும் இளஞ்சிவப்பாகி 15 வினாடியாவது அப்படியே நின்றால் நிறுத்திவிட்டு, எத்தனை மி.லி. செலவானது என்று பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒவ்வொரு மி.லி.க்கும் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 1 கிராம் சோடா கூடுதலாக வேண்டும். புத்தம் புதிய எண்ணெய்க்கே 3.5 கிராம் தேவை. ஆக, 2.4 மி.லி. செலவாகியிருந்தால் 3.5-உடன் 2.4 சேர்த்து 5.9 கிராம். கணக்கு அவ்வளவுதான். 5 மி.லி.க்கு மேல் போகிற எண்ணெயை, புதிதாகச் செய்கிறவர்கள் தொடவே வேண்டாம். சோப்பு அதிகமாகச் சேரும் என்கிற மனநிலையோடு ஒதுக்கிவிடுங்கள். காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாக காஸ்டிக் பொட்டாஷ் பயன்படுத்துகிறவர்களுக்கு அளவே வேறு. இந்த எண்களை அதற்குப் போடாதீர்கள்.

சோடா திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து வீரியம் இழக்கும். அதனால் 0.1 கிராம் வரை காட்டும் தராசில் சட்டென்று எடைபோட்டு, டப்பாவை உடனே மூடுங்கள். எச்டிபிஇ (HDPE) என்கிற கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் 200 மி.லி. மெத்தனால் எடுத்து, அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பாட்டில் சூடாகும், பயப்பட வேண்டாம். மூடி, அவ்வப்போது சுழற்றிவிட்டு, கடைசித் துகளும் கரையும்வரை காத்திருங்கள். கரையாமல் ஊற்றுவதில் எந்தப் பயனும் இல்லை.

இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள, உலர்ந்த, மூடி இறுக்கமான பாட்டிலில் ஒரு லிட்டர் எண்ணெயை 55 டிகிரி சூட்டில் ஊற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். மெத்தனால் 65 டிகிரியை நெருங்கும்போதே கொதிக்கும். சோடா கரைத்த மெத்தனாலைச் சேர்த்து, மூடி, முகத்துக்கு எதிரே பிடிக்காமல் பத்து வினாடி நன்றாகக் குலுக்குங்கள். சற்று நேரம் வைத்து மறுபடி குலுக்குங்கள். இப்படி ஐந்தாறு தடவை. முதலில் கலங்கலாக இருப்பது மெல்ல நிறம் மாறி, அடியில் கருந்தேன் நிறத்தில் கிளிசரின் இறங்கத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். மொத்தமும் களியாக நின்றுவிட்டால் ஈரமோ அதிகச் சோடாவோ காரணம்.

மேலே நிற்பதை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு சோதனை வையுங்கள். 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். முழுதும் கரைந்து தெளிவாக இருந்தால் நல்லது. அடியில் எண்ணெய்த் துளி தங்கினால் மாறாத எண்ணெய் மிச்சமிருக்கிறது. அந்த லிட்டரை எஞ்சினில் ஊற்றாதீர்கள்.

தேறியதைக் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகச் சேர்த்து, முதல் தடவை லேசாகச் சாய்த்துச் சாய்த்து மட்டும் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் சோப்பு இரண்டையும் பிரிக்க முடியாமல் பிணைத்துவிடும். அடியில் இறங்கும் வெள்ளைத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு உலர்த்துங்கள். வாயகன்ற பாத்திரத்தில் காற்றோட்டமாக வைத்தாலே போதும். பாத்திரத்துக்குப் பின்னால் பிடித்த எழுத்தை அதன் வழியே படிக்க முடிகிற அளவு தெளிந்தால்தான் உலர்ந்ததாகக் கொள்வேன்.

டீசல் எஞ்சினுக்கு மட்டும்தான் இது. பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகாது. முதலில் ஐந்து பங்கில் ஒரு பங்கு, அதாவது பி20 என்று சொல்லும் கலவையாகப் பழைய வகை எஞ்சினில் தொடங்குங்கள். டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கை பயோடீசல் கரைத்துக் கிளப்பும். ஆகவே தொடக்கத்திலேயே ஒரு கூடுதல் ஃபில்டர் வாங்கி வைப்பது நல்லது. இயற்கை ரப்பர் குழாய்கள் உப்பும், கசியும். விட்டான் என்கிற செயற்கை ரப்பர் குழாய்க்கு மாறிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஆற்றல் டீசலைவிடச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 8 சதவீதம். கந்தகம் கிட்டத்தட்ட இல்லை, வழவழப்பு அதிகம், தீப்பற்றும் வெப்பநிலையும் டீசலைவிட மிக அதிகம். இவற்றுக்காகத்தான் இந்தச் சிரமத்தை நான் விரும்பிப் படுகிறேன். புகை வடிகட்டி பொருத்திய புதிய வகை எஞ்சின்களில் மட்டும் வீட்டில் செய்ததை ஊற்ற வேண்டாம். அவற்றில் எரியாத பயோடீசல் எஞ்சின் ஆயிலில் சேர்ந்து அதன் தன்மையைக் கெடுக்கும். சாலையில் ஓடும் வண்டிக்கு உங்கள் ஊர் வரிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடியில் எடுத்த கிளிசரினில் மெத்தனாலும் சோடாவும் சோப்பும் இருக்கின்றன. சாக்கடையிலோ செடியடியிலோ கொட்டாமல், ரசாயனக் கழிவாகப் பெயர் எழுதி மூடி வைத்து ஒப்படையுங்கள். பயோடீசலை வெளிச்சம் படாமல், தளும்ப நிரப்பிய மூடிய கலனில் வையுங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகக் கலன்கள் அதைச் சீக்கிரம் கெடுக்கும். கலனின் மேல் செய்த தேதி, சோதனையில் வந்த மி.லி., போட்ட சோடாவின் எடை மூன்றையும் எழுதி ஒட்டி, ஆறு மாதத்துக்குள் எரித்துவிடுங்கள்.