பேஸ் கிட்டார் இரைகிறதா? கடையில் செட்டப்புக்கு (சரிப்படுத்தி அமைக்க) கொடுக்கும் முன்

சுதி சேர்த்துவிட்டு, தடித்த இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள் (ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில், அதாவது நெக்கில், குறுக்கே பதித்த உலோகப் பட்டை). முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் ஒரு கை மிச்சம். எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விசிட்டிங் கார்டு, அதாவது சுமார் 0.3 மி.மீ., லேசாக உரசி நுழைந்தால் நெக் நன்றாக இருக்கிறது. இரு முனையிலும் அழுத்திய கம்பி நேர்கோடாக நிற்பதால் நெக்கின் வளைவை அதுவே அளந்து காட்டிவிடும்.

மும்பை மழையில் மரம் ஈரத்தை இழுத்து இந்த வளைவு மாறும். ஜூனிலும் அக்டோபரிலும் அவசியம் பாருங்கள்.

நெக் சரி, ஆனாலும் இரைச்சலா? விரலை ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்து அழுத்துங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒரே ஒரு ஃப்ரெட்டில் அழுத்தும்போது மட்டும் இரைந்தால் இந்தச் சோதனை உதவாது. அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பியிருக்கலாம், கடையில்தான் காட்ட வேண்டும்.