மரம் வாங்கும் முன் மின்விசிறியை அளந்துவிடுங்கள்

கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் புறப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தரைக்கும் மின்விசிறி இறக்கைக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கூரை ஒன்பதரை அடி, விசிறி சுழல்வது எட்டரை அடியில். ஆறடி மரத்தை முக்காலியில் ஏற்றி, உச்சியில் நட்சத்திரமும் வைத்தால் கணக்கு இடிக்கும். டிசம்பர் என்றாலும் விசிறி இல்லாமல் சென்னையில் யார் உட்காருகிறார்கள்? இறக்கை படாவிட்டாலும் காற்று விடாது. ஜிகினா முழுவதும் சோபாவுக்கு வந்துவிடும்.

அகலமும் முக்கியம். ஆறடி மரம் அடிப்பகுதியில் மூன்று, மூன்றரை அடி விரியும். தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்கு வட்டம் போட்டு, அதை மிதிக்காமல் ஒரு நாள் நடமாடிப் பாருங்கள். பீரோ கதவு வட்டத்துக்குள் திறக்கிறது என்று என் மனைவி தீர்ப்பளித்துவிட்டாள். எங்களுக்கு ஐந்தடிதான்.

எந்த மரம் என்பதில் ஒவ்வொரு வீட்டிலும் கட்சிகள் உண்டு. என் அம்மா இருந்தவரை சவுக்குக் கிளைதான். ஈர மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டு, மணல் காயாமல் தண்ணீர் ஊற்றினால் சில நாட்கள் பச்சை நிற்கும். ஆகவே பண்டிகை நெருங்கிய பிறகே வாங்குங்கள். சவுக்கில் ஊசி இலை போலத் தெரிவதெல்லாம் உண்மையில் மெல்லிய குச்சிகள். பஞ்சையும் காகிதப் பூவையும் தாங்கும், கண்ணாடி உருண்டையைத் தாங்காது.

நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று கேட்டால் பெரும்பாலும் அரக்கேரியாவைத் தொட்டியோடு எடுத்துத் தருவார்கள். பசிபிக் தீவுகளிலிருந்து வந்த இனம்; அடுக்கடுக்காகக் கிளை விடும், பார்க்க அழகு. ஜன்னல் வெளிச்சம் வேண்டும், ஏசி காற்று நேராகப் படக்கூடாது. பண்டிகை முடிந்ததும் மொட்டை மாடி வெயிலில் திடீரென்று வைக்காமல், முதலில் பால்கனி நிழலில் பழக்குங்கள். நடு நுனி ஒடிந்தால் மரம் பழையபடி நேராக வளராது. அதனால் நட்சத்திரத்தை நுனியில் கட்டாமல், தொட்டியில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி அதில் கட்டுங்கள்.

இப்போது என் பேரப்பிள்ளைகளின் கட்சி பிளாஸ்டிக். பாரிமுனையில் பந்தர் தெருப் பக்கம் வார நாள் காலையில் போனால் நின்று பார்த்து வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை போனால் தள்ளிக்கொண்டு வருவதே பெரும்பாடு. பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கிளைகள் தண்டோடு கீல் வைத்து இணைந்திருந்தால் நல்லது. ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டுகிற வகை அடுத்த ஆண்டே பொறுமையைச் சோதிக்கும். கால் இரும்பாக இருக்கட்டும். பெட்டியில் நுனிகளின் எண்ணிக்கை அச்சிட்டிருப்பார்கள். ஆறடிக்கு 500-க்குக் கீழே என்றால் நடுத்தண்டு வெளியே தெரியும் என்பது என் அனுபவம். உயரம், கால், விலை மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. நிறமும் பொம்மைகளும் பிள்ளைகள் இஷ்டம். இதைக் கடைக்குப் போகும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நீலமும் ஊதாவும் வாங்கினால் வாயைத் திறக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் கிளைகளைப் பிரிப்பது. ஒரு குச்சி இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று முன்னால் என்று கீழிருந்து மேலே போக வேண்டும். உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால் எங்கள் வீட்டில் இது சம்பந்தியம்மாவின் வேலை. அவர் கீரை ஆய்வது போல நிதானமாகச் செய்வார்.

அடுத்து விளக்கு. நான் ரயில்வேயில் மின்பிரிவில் இருந்தவன், இங்கே கொஞ்சம் கண்டிப்புதான். சீரியல் விளக்கைச் சுற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் தரையிலேயே எரியவிட்டுப் பாருங்கள். எல்.இ.டி. சரம் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஆபத்து அதன் மெல்லிய ஒயரில் இருக்கிறது. நேரடியாக 230 வோல்ட்டில் சொருகும் மலிவான சரங்களில் ஒயர் எங்கே உரிந்திருந்தாலும் ஷாக் அடிக்கும். சின்னப் பிள்ளையோ பூனையோ இருக்கிற வீட்டில் அடாப்டர் வைத்த குறைந்த வோல்ட் சரம் மட்டும் வாங்குங்கள். பழைய சரத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். பிளக் இருக்கும் பக்கத்தில் அடியில் தொடங்கி, தண்டு வரை உள்ளே கொண்டுபோய் நுனிக்கு வெளியே வந்து, மேலே ஏறுங்கள். வெளியே மட்டும் சுற்றினால் மரம் கட்டுப்போட்ட நோயாளி ஆகிவிடும்.

பால்கனி நட்சத்திரத்துக்கு இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் வடகிழக்குப் பருவமழை நம் பண்டிகைக்காக நிற்காது. காகித நட்சத்திரம் கூரைக்கு அடியில் மட்டும். குண்டு பல்பு வேண்டாம், சூடாகும். ஐந்து வாட் எல்.இ.டி. போதும். ஹோல்டர் வாய் கீழ்நோக்கித் தொங்கட்டும். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அதைத் தாழ்த்தி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்கு வராது.

பொம்மைகளில் கனமானவை தண்டுக்கு அருகில், லேசானவை நுனியில். இரும்புக் கொக்கி நம் ஊர்க் காற்றில் துருப்பிடிக்கும். தையல் நூல் போதும். இடுப்புக்குக் கீழே கண்ணாடி எதுவும் வேண்டாம், அந்தப் பகுதி முழுவதும் சிறுவர்களுடையது. ஒரே கிளையில் ஆறு மணிகள் தொங்கினாலும் இரவில் எழுந்து சரிசெய்யாதீர்கள், காலையில் கண்டுபிடித்துவிடுவார்கள். குடிலுக்கு மரத்தடியில் இடம் விட்டு, முளைவிட்ட கேழ்வரகுத் தட்டுகளைச் சுற்றி வையுங்கள். தண்ணீர் சிந்தும் என்பதால் எக்ஸ்டென்ஷன் பெட்டி மறுபக்கம் இருக்கட்டும்.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் பிரித்துவிடுவோம். விளக்குச் சரத்தை அட்டையில் சுற்றி, அதன் மேலேயே 'எரிகிறது' என்று எழுதுங்கள். எரியாததைப் பரணுக்கு ஏற்ற வேண்டாம்.