மாங்காய் இஞ்சி, பச்சை மிளகு: அடுப்பே இல்லாமல் ஒரு ஃபிரிட்ஜ் ஊறுகாய்

ஊறுகாய் என்றதும் வெயில், ஜாடி, லிட்டர் கணக்கில் நல்லெண்ணெய் என்று மலைத்துப் போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். எண்ணெய் கிடையாது, வெயில் வேண்டாம். எலுமிச்சைச் சாறும் உப்பும் குளிரும் சேர்ந்து வேலையை முடித்துவிடும். கிழங்கின் பச்சை வாசனை அப்படியே நிற்பது இந்த முறையில்தான். அதனால் வெயில் ஊறுகாய்க்கு ஒரு படி கீழே இதை வைக்க எனக்கு மனம் வராது.

தை பிறக்கும் சமயத்தில் மாங்காய் இஞ்சி, பச்சை மஞ்சள், பச்சை மிளகு மூன்றும் சந்தையில் ஒன்றாகக் கிடைக்கும். பார்த்ததும் வாங்கிவிடுங்கள், வரத்து சில வாரங்கள்தான்.

தேவையானவை (அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலுக்கு)

மாங்காய் இஞ்சி 150 கிராம்
பச்சை மிளகு 50 கிராம்
பச்சை மஞ்சள் 25 கிராம்
பச்சை மிளகாய் 4
எலுமிச்சை 10 முதல் 12 (சாறு 180 மில்லியாவது வேண்டும்)
பொடித்த கல்லுப்பு 30 கிராம், அதாவது தலை தட்டி சுமார் இரண்டு மேசைக்கரண்டி

வாங்கும்போது

மாங்காய் இஞ்சியை ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், மாங்காய் வாசனை உடனே மூக்கில் ஏற வேண்டும். இது மஞ்சளுக்கு நெருங்கிய சொந்தம், இஞ்சியின் காரம் இருக்காது. மிளகில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு மணியை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே கொட்டை கெட்டிப்பட்டிருந்தால் எத்தனை நாள் ஊறினாலும் பல்லில் கல்லாகத்தான் படும். இளசாகப் பார்த்து எடுங்கள்.

1. கழுவி உலர்த்துவது

இந்த ஊறுகாயில் கவனம் முழுக்க இங்கேதான் வேண்டும். மாங்காய் இஞ்சியின் கணுக்களில் மண் ஒளிந்திருக்கும். கணுக்கணுவாக ஒடித்து, பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். மிளகைக் கொத்தோடு அலசுங்கள். எலுமிச்சை, மிளகாய், மஞ்சளையும் கழுவி, எல்லாவற்றையும் பருத்தித் துணியில் பரப்பி இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். இதில் உப்பு குறைவு. மிச்சப் பாதுகாப்பைப் புளிப்புதான் தர வேண்டும், தண்ணீர் சேர்ந்தால் அந்தப் புளிப்பு நீர்த்துவிடும். பாட்டில், கத்தி, பலகை, கரண்டி எதிலும் ஒரு சொட்டு ஈரம் கூடாது.

2. நறுக்குவது

தோலைக் கரண்டி விளிம்பால் சுரண்டினாலே வந்துவிடும். இதற்குப் பிறகு கழுவாதீர்கள். மாங்காய் இஞ்சியையும் மஞ்சளையும் மெல்லிய வில்லைகளாக்குங்கள், மிளகாயைக் கீறுங்கள், மிளகுக் கொத்தை ஓர் அங்குலத் துண்டுகளாக ஒடியுங்கள். மஞ்சளை எடுக்கும் முன் கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் கறை எளிதில் போகும்.

3. ஊற வைப்பது

எலுமிச்சையைப் பிழிந்து விதையில்லாமல் வடிகட்டுங்கள், விதை கசக்கும். உப்பைச் சாற்றில் கரைத்து, நறுக்கிய துண்டுகளைப் பாட்டிலில் போட்டு மேலே ஊற்றுங்கள். எல்லாம் சாற்றுக்குள் மூழ்க வேண்டும், போதாவிட்டால் இன்னும் இரண்டு எலுமிச்சை பிழியுங்கள். தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உலோக மூடி துருப்பிடிக்கும்.

4. ஃபிரிட்ஜில்

உடனே உள் தட்டில் வையுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் கதவுத் தட்டில் வெப்பம் ஏறி இறங்கும், அது வேண்டாம். தினம் ஒருமுறை பாட்டிலைக் குலுக்குங்கள். மூன்றாம் நாளே மாங்காய் இஞ்சியைச் சாப்பிடலாம், ஒரு வாரத்தில் நன்றாகப் பிடித்திருக்கும். மிளகுக்கு இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள். அதன் காரம் சாற்றில் இறங்கிய பிறகு ருசியே வேறு.

சாறு மஞ்சளாகும், மிளகின் பச்சை மங்கிப் பழுப்பாகும். புளிப்பு பட்டால் பச்சை நிறம் அப்படித்தான் மாறும், கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். ஆனால் மேலே பூசணம் தெரிந்தாலோ, வாடை மாறினாலோ, சாறு கொழகொழத்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது.

சுத்தமான, உலர்ந்த கரண்டியால் எடுத்தால் ஒரு மாதம் தாராளமாக வரும். சாப்பாட்டு மேசையிலேயே பாட்டிலை விட்டுவிடாதீர்கள். வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உடனே உள்ளே வைத்துவிடுங்கள். பெருங்காயம், கடுகு தாளித்துக் கொட்டலாமா என்று கேட்பார்கள். தட்டில் போட்ட பிறகு தாளித்துக்கொள்ளுங்கள், பாட்டிலில் வேண்டாம். தயிர் சோற்றுக்குத் தாளிக்காமலே எனக்குப் பிடிக்கும்.

துண்டுகள் தீர்ந்ததும் மிஞ்சும் சாற்றில் புதிதாக எதையும் நறுக்கிப் போடாதீர்கள், அதன் புளிப்பு முன்போல இருக்காது. மோரில் இரண்டு கரண்டி கலந்து குடித்துப் பாருங்கள், அப்புறம் உப்பே போட வேண்டியதில்லை.