ஐஜிஜி, ஐஜிஏ ரிப்போர்ட்: வாய்ப் புற்று விஷயத்தில் எப்படிப் படிப்பது

வாய்க்குள் ஒரு புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் செய்ய வேண்டியது பயாப்சி (அந்த இடத்தில் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பது). இரத்தத்தில் ஐஜிஜி, ஐஜிஏ (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற புரதங்கள்) எவ்வளவு இருந்தாலும் சரி. ‘நார்மல்’ என்று வந்ததை நம்பிப் புண்ணோடு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

வாய்ப் புற்று வந்தவர்களுக்கும், பாக்கு மென்று வாய் இறுகிப்போனவர்களுக்கும் இந்த அளவுகள் கூடியிருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஈறு வீக்கம், காசநோய், மூட்டுவாதம் இருந்தாலும் கூடும். குடியால் ஈரல் கெட்டவருக்கு ஐஜிஏ தனியாக ஏறும். புகையிலை, குடி, கெட்ட ஈறு மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது சாதாரணம். ஏற்றத்துக்கு எது காரணம் என்று எண் சொல்லாது.

சாம்பிள் விஷயத்தில்தான் நிறையக் கெடுகிறது. சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் 3 முதல் 5 மி.லி. எடுத்து, நிமிர்த்தி வைத்து, 30 நிமிடம் உறையவிட்ட பிறகே இயந்திரத்தில் சுழற்றிச் சீரத்தை (மேலே பிரியும் தெளிந்த நீரை) எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சீரத்தில் நூல் நூலாக ஃபைப்ரின் (இரத்தத்தை உறையவைக்கும் புரத நார்) மிதந்து கருவியின் குழலை அடைக்கும். பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்புவதானால் சீரத்தைப் பிரித்து, 2 முதல் 8 டிகிரி குளிரில் அனுப்புங்கள். மே மாத வெயிலில் முழு இரத்தமாகப் பைக்கில் குலுங்கிப் போனால் சிவப்பணு உடைந்துவிடும். வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் பிரியாணி சாப்பிட்ட கையோடு போகாதீர்கள். கலங்கலை ஒளியால் அளக்கும் முறை இது. கொழுப்பால் சீரம் பால்போல ஆனால் அளவு பிசகும்.

பெரியவர்களுக்குப் பொதுவாக ஐஜிஜி 700–1600, ஐஜிஏ 70–400, இதே வகையைச் சேர்ந்த ஐஜிஎம் 40–230 (மி.கி./டெசிலிட்டர்). லேபுக்கு லேப் மாறும், அவர்கள் அச்சிட்ட வரம்பையே பாருங்கள். கிராம்/லிட்டரில் இருந்தால் 100-ஆல் பெருக்குங்கள். ஐஜிஜி பாதியாகக் குறையவே சுமார் 21 நாள் ஆகும். ஒரே வாரத்தில் மறுபடி எடுப்பது காசுக்குக் கேடு. ஒன்று மட்டும் எக்கச்சக்கமாக ஏறி மற்ற இரண்டும் தாழ்ந்திருந்தால் அது வேறு கதை: மைலோமாவுக்கான (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்று) பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பி53 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, வாய்ப் புற்று நோயாளிகளில் சிலருக்கே இரத்தத்தில் காணப்படும். இல்லை என்பதால் நிம்மதி கொள்ள முடியாது. ஹெச்பிவி16 என்ற வைரஸின் ஈ6 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி டான்சில், அடிநாக்குப் புற்றுக்கு உரியது. நம் பக்கத்தில் புகையிலையால் கன்னத்தில் வருவதற்கு அது பொருந்தாது.

வாயைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல்செட்டைக் கழற்றி, கொப்பளித்து, கன்னத்தை வெளியே இழுத்து, புகையிலை அடக்கும் அந்தப் பள்ளம் வரை பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் புண்ணின் ஓரம் கெட்டியாக இருக்கிறதா? வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தன் மூன்று விரலை நெட்டுக்குத்தாகப் பல்லுக்கு நடுவே நுழைக்க முடியாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

கோரிமேட்டில் ஜிப்மரும் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிலையமும் இருக்கின்றன. சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகர் அரசு பல் மருத்துவமனை. பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிட்டால் பயாப்சிக்கு முன்பே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.