வலி மருந்து ஸ்டார்ட்அப்பில் பணம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பத்துப் பதினைந்து வருடம் ஐ.டி. வேலை பார்த்த நம் ஆட்கள் பலரிடம் இப்போது கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. கம்பெனி ஊழியர்களுக்குக் கொடுக்கும் ஈசாப் பங்குகளை விற்ற பணமாக இருக்கலாம், ஓசூரில் வாங்கிப் போட்ட மனையை விற்ற பணமாக இருக்கலாம். அதில் ஒரு பகுதியை ஸ்டார்ட்அப்பில் போடலாமா என்ற யோசனையும் வருகிறது. சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் நமக்கே ஓரளவு எடைபோடத் தெரியும். மருந்து கம்பெனி அப்படியல்ல. அதிலும் "ஓபியாய்டு (மார்ஃபின் போல, பழக்கமாகிவிடக்கூடிய வகை) இல்லாத வலி மருந்து" என்று வரும் கம்பெனிகளைப் படித்தவர்களே தவறாக எடைபோடுகிறார்கள். வலி எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால், அதற்கான மருந்தும் புரிந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது.

இந்தத் துறைமேல் திடீர் வெளிச்சம் விழுந்ததற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சுஸெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு ஒப்புதல் கொடுத்தது. வலி நரம்புகளில் இருக்கும் நேவ் 1.8 என்ற சோடியம் வாயிலை அது அடைக்கிறது. மூளையில் போதை ஏற்றும் வேலை அதற்கு இல்லை. மார்ஃபின், ஆக்ஸிகோடோன் வகைக்கு வெளியே, புதிய வழியில் வேலை செய்யும் ஒரு வலி மாத்திரை வெகுகாலத்துக்குப் பிறகு வந்தது. அதனால் இன்று எந்த வலி ஸ்டார்ட்அப்பின் பிட்ச் டெக்கை, அதாவது முதலீட்டாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களில் அந்தப் பெயர் இருக்கும்.

தேவையையும் வாய்ப்பையும் ஒன்றாக நினைப்பது

பெரிய தவறு இதுதான். கோடிக்கணக்கானவர்கள் முதுகுவலி, மூட்டுவலி, சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல் என்று அவதிப்படுகிறார்கள், அமெரிக்காவில் ஓபியாய்டு பழக்கத்தால் குடும்பங்கள் அழிந்தன, ஆகவே நல்ல மருந்து வந்தால் விற்கும் என்று வாதம் போகும். எல்லாமே உண்மை. ஆனால் "வந்தால்" என்ற ஒரு சொல்லில்தான் உங்கள் பணம் முழுக்க நிற்கிறது.

மனித சோதனையின் முதல் கட்டத்தில் நுழையும் மருந்துகளில் பத்தில் ஒன்றுகூட ஒப்புதல் வரை போவதில்லை என்பது மருந்துத் துறை முழுமைக்குமான நிலவரம். புதிய வழியில் வேலை செய்யும் வலி மருந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அமெரிக்க பயோடெக் தொழில் சங்கமான பயோ 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நீங்கள் பணம் போடப்போகும் கம்பெனியோ பெரும்பாலும் அந்த முதல் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. மனை விலை இறங்கினாலும் மண் அங்கேயே கிடக்கும். மருந்து சோதனையில் தோற்ற கம்பெனியில் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பத்து லட்சம் போடுகிறீர்கள் என்றால், அது திரும்பாவிட்டாலும் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கும் வீட்டு இ.எம்.ஐ.க்கும் பாதகம் வராது என்ற நிலையில் மட்டும் போடுங்கள்.

எலிக்கு வலி போனதை மனிதனுக்குப் போனதாக எடுத்துக்கொள்வது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலித் துறையின் தோல்விகளில் பல இங்கேதான் விளைகின்றன.

ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது, சர்க்கரையை அளக்க ஸ்ட்ரிப் இருக்கிறது. வலிக்கு அப்படி எதுவும் இல்லை. நோயாளியைப் பார்த்து "பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். எலியிடம் அதையும் கேட்க முடியாது. சூடான தட்டில் வைத்தால் எவ்வளவு நேரத்தில் காலைத் தூக்குகிறது, மெல்லிய இழையால் பாதத்தைக் குத்தினால் எப்போது இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமே இல்லாமல் எரியும் பாதம் அந்தச் சோதனையில் பிடிபடாது.

1990-களில் என்.கே.1 என்ற ஏற்பியை (செல்லில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தை) அடைக்கும் மருந்துகள் விலங்குகளில் வலியைக் குறைத்தன. பெரிய கம்பெனிகள் மனிதர்களிடம் சோதித்தன, வலி குறையவில்லை. அந்த வகையைச் சேர்ந்த அப்ரெபிடன்ட் 2003-இல் வாந்தியைத் தடுக்கும் மருந்தாக ஒப்புதல் பெற்றது. கீமோதெரபி எடுப்பவர்களுக்கு இன்று அது பெரிய துணை. ஆனால் வலி மருந்து என்று நம்பிப் பணம் போட்டவர்களின் கணக்கு அதுவல்லவே.

"எங்களிடம் எலி மட்டுமில்லை, மனித மரபணு ஆதாரமே இருக்கிறது" என்று நிறுவனர் சொல்லலாம். அது உண்மையிலேயே வலுவான வாதம்தான், ஆனாலும் போதாது. பாகிஸ்தானில் கத்தியால் கையைக் குத்திக்கொண்டும் நெருப்புத் துண்டுகளின் மேல் நடந்தும் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவனுக்கு வலியே தெரியவில்லை. அவன் உறவு வழியில் தேடிய ஆய்வாளர்கள், நேவ் 1.7 என்ற சோடியம் வாயிலுக்கான மரபணு பழுதாகியிருப்பதை 2006-இல் வெளியிட்டார்கள். அந்த வாயிலை அடைத்தால் போதும், வலி நின்றுவிடும் என்று உலகின் பெரிய மருந்துக் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. ஃபைசரின் மருந்து சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலியில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. மற்றவர்களும் ஒப்புதல் வரை போகவில்லை. சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. ஆனால் அந்த ஏற்பியை அடைத்த மருந்துகள் சிலருக்கு உடல் வெப்பத்தை ஏற்றிவிட்டன. அறிவியல் சரியாக இருந்தும் மருந்து வராமல் போகலாம் என்பதை இந்தத் துறை திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

பிளசீபோவைக் கணக்கில் எடுக்காதது

பிளசீபோ, அதாவது மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தாலும் வலி குறைகிறது. நோயாளி பொய் சொல்வதில்லை, அவருக்கு உண்மையாகவே குறைகிறது. கவனித்துப் பார்க்கும் டாக்டர், வாராவாரம் விசாரிக்கும் நர்ஸ், புது மருந்து என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன.

மேலே சொன்ன சுஸெட்ரிஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு அதைச் சோதித்த இரண்டாம் கட்ட முடிவு 2024 டிசம்பரில் வந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு வலி சராசரியாக 2.02 புள்ளி குறைந்தது. நல்ல எண்தான். பிளசீபோ எடுத்தவர்களுக்குக் குறைந்தது 1.98. வெர்டெக்ஸ் பங்கு அன்றே பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதே கம்பெனியின் அடுத்த மருந்தான வி.எக்ஸ்.-993-உம் அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் வலிக்கான இரண்டாம் கட்டத்தில் தன் முக்கிய இலக்கை எட்டவில்லை என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே ஒன்றை வெற்றியாக்கிய, பணத்துக்குக் குறைவில்லாத கம்பெனிக்கே இந்த நிலைமை.

ஆகவே "30 நோயாளிகளுக்குக் கொடுத்தோம், 24 பேருக்கு நல்ல முன்னேற்றம்" என்ற ஸ்லைடைப் பார்த்தால், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா என்று உடனே கேளுங்கள். யாருக்கு எது போனது என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைத்திருந்தார்களா என்றும் கேளுங்கள். மின் அதிர்வு தரும் பட்டை, தலையில் மாட்டும் கருவி போன்றவற்றில் இது இன்னும் சிக்கல். சுருசுருவென்று ஏதோ ஓடுவதை நோயாளியே உணர்ந்துவிடுவார், போலிக் கருவி எது என்று கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. இந்தியாவில் நடக்கும் மருந்து சோதனை, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அங்கே பதிவு இல்லை, எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதமும் இல்லை, ஆனால் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம் என்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் போவது உங்கள் பணம் மட்டுமல்ல. நம் ஊர் ஆஸ்பத்திரியில் வலியோடு படுத்திருந்த ஒருவரை, முறையான பாதுகாப்பு எதுவும் இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எந்த வலி, எந்தச் சந்தை என்று கேட்காமல் விடுவது

சுஸெட்ரிஜினுக்குக் கிடைத்த ஒப்புதல் பெரியவர்களின் மிதமான, கடுமையான உடனடி வலிக்கு மட்டும். கால் பெருவிரல் எலும்பு அறுவை, வயிற்றுத் தோல் அறுவை ஆகியவற்றுக்குப் பின் சோதித்தார்கள். பிளசீபோவைவிட நன்றாக வேலை செய்தது. ஓபியாய்டான ஹைட்ரோகோடோனும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய மாத்திரையை அது மிஞ்சவில்லை. உடனடி வலியில் சோதனை ஓரிரு நாளில் முடியும், செலவும் கட்டுக்குள் இருக்கும். பெரிய சந்தையோ மாதக்கணக்கில் நீடிக்கும் நாட்பட்ட வலியில் இருக்கிறது. பல டெக்குகளில் சந்தை மதிப்பு நாட்பட்ட வலிக்குப் போட்டிருக்கும், சோதனைத் திட்டம் உடனடி வலிக்குப் போட்டிருக்கும். அந்த இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் நாடு. அமெரிக்காவில் 2025-இல் சுஸெட்ரிஜினுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை, ஒன்று 15.50 டாலர் என்று விலை வைக்க முடிந்தது. ஓபியாய்டு அல்லாத சில வலி சிகிச்சைகளுக்குத் தனியாகப் பணம் கொடுக்க அங்கே முதியோருக்கான அரசு காப்பீடான மெடிக்கேரில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. இங்கே ஜெயநகரில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒருவருக்கு எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும்தான், மாத்திரை சில ரூபாய். ஓபியாய்டு இல்லாத வலி மருந்து இங்கே ஏற்கெனவே வழக்கமாக இருக்கிறது. அதனால் இந்திய விற்பனையை நம்பி கம்பெனிக்கு உயர்ந்த மதிப்பு (வேல்யூவேஷன்) கேட்டால் கணக்கு உதைக்கும். அமெரிக்க விற்பனை என்றால் அமெரிக்கத் தரத்தில் சோதனை வேண்டும், அந்தச் செலவுக்கு யார் வருவார்கள் என்று கேட்க வேண்டும்.

நிறுவனர் ஓபியாய்டையே அரக்கனாக வரைந்தாலும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். நம் நாட்டில் புற்றுநோய் முற்றியவர்களுக்குத் தேவையான மார்ஃபின் கிடைக்காமல் போனதுதான் பல காலமாகப் பெரிய கொடுமை. அதைச் சரிசெய்யத்தான் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தினார்கள். எந்த நோய்தணிப்பு மருத்துவரைக் கேட்டாலும், கடைசிக் கட்ட நோயாளிக்கு மார்ஃபினுக்கு இணையான துணை இல்லை என்பார். இதை அறிந்து பேசும் நிறுவனர் துறையை அறிந்தவர்.

"ஓபியாய்டு இல்லை" என்றால் பாதுகாப்பானது என்றும் அர்த்தமில்லை. வயாக்ஸ் என்ற வலி மாத்திரை மாரடைப்பு ஆபத்தால் 2004 செப்டம்பரில் சந்தையை விட்டுப் போனது. டனெஸுமாப் என்ற ஊசி மருந்து மூட்டுவலியைக் குறைத்தது, ஆனால் சிலரின் மூட்டையே வேகமாகக் கெடுத்தது. ஃபைசரும் லில்லியும் 2021-இல் அதைக் கைவிட்டன.

காப்புரிமையையும் கிராண்ட்டையும் மேலோட்டமாகப் பார்ப்பது

இங்கே பல ஸ்டார்ட்அப்கள் ஜி.கே.வி.கே. வளாகத்திலுள்ள சி-கேம்ப் போன்ற ஸ்டார்ட்அப் வளர்ப்பு மையங்களில் வளர்கின்றன. மத்திய அரசின் பயோடெக் உதவி அமைப்பான பைராக்கின் பிக் என்ற கிராண்ட் (நிதியுதவி) 50 லட்சம் வரை கிடைக்கும். அது கௌரவம்தான், ஆனால் ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் பணம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான சான்றிதழ் அல்ல. காப்புரிமை கம்பெனி பெயரில் இருக்கிறதா, நிறுவனர் படித்த கல்வி நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று ஆவணத்தைப் பாருங்கள். காப்புரிமையின் 20 வருடம் விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். பழைய மருந்தைப் புதிய ஜெல்லாக, பட்டையாக மாற்றும் கம்பெனிகளில் அறிவியல் ஆபத்து குறைவு, எனக்கு அவற்றின்மேல் மதிப்பு அதிகம். ஆனால் தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு எளிதில் இடம் கொடுக்காது.

அவசரத்தில் கையெழுத்துப் போடுவது

"அண்ணா, ரவுண்ட் வெள்ளிக்கிழமையோட முடியுது" என்று, நிதி திரட்டும் சுற்றைப் பற்றித் தெரிந்த தம்பியே சொன்னாலும் நிதானம் வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி பங்கு கொடுக்க முறை இருக்கிறது. உங்கள் பெயருக்கு பி.ஏ.எஸ்.-4 என்ற பங்கு வழங்கல் கடிதம் வர வேண்டும், பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போக வேண்டும், 60 நாளில் பங்கு ஒதுக்க வேண்டும், பொதுவெளியில் விளம்பரம் செய்யக்கூடாது. "எல்லாரும் மச்சான் அக்கவுண்ட்டுக்கு அனுப்புங்க, அவர் பேர்ல ஒண்ணா வாங்கிக்கலாம்" என்ற ஏற்பாட்டில் மச்சான்தான் பங்குதாரர், நீங்கள் இல்லை. பலர் பணத்தைச் சேர்த்து ஸ்டார்ட்அப்பில் போடும் ஏஞ்சல் ஃபண்ட் வழியாகப் போவதானால், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025-இல் திருத்திய விதிப்படி அது இனி அங்கீகாரம் பெற்ற முதலீட்டாளர்களுக்கானது. வருமானமும் சொத்தும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும்.

பங்கு கரைவதைக் கணக்குப் போட்டே பாருங்கள். 20 கோடி மதிப்பில் 10 லட்சம் போட்டால் அரை சதவீதம். அடுத்து மூன்று ரவுண்ட், ஒவ்வொன்றிலும் கால் பங்கு கரைந்தால் உங்களிடம் மிஞ்சுவது 0.21 சதவீதம். மருந்துக் கம்பெனிக்கு மூன்று ரவுண்ட் என்பது குறைவு. பின்னால் வரும் பெரிய ஃபண்டுகள் 100 கோடி போட்டு, விற்கும்போது தங்கள் பணம் முதலில் என்று எழுதி வாங்கியிருந்தால், கம்பெனி 90 கோடிக்கு விலைபோன அன்று சாதாரணப் பங்கு வைத்திருக்கும் உங்களுக்கு ஒன்றுமில்லை. உங்களுக்குக் கொடுப்பது எந்த வகைப் பங்கு என்று ஆடிட்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள்.

இந்த ரவுண்ட் பணம் எந்தச் சோதனை முடியும் வரை போதும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விலங்குகளில் நச்சுத்தன்மை ஆய்வு பாதியில் நிற்கும்போது பணம் தீர்ந்துவிட்டால், அடுத்த ரவுண்டில் பேரம் பேச கம்பெனியிடம் எதுவும் இருக்காது.

கடைசியாக, டெக்கை ஒரு மயக்கவியல் டாக்டரிடமோ வலி கிளினிக் நடத்துபவரிடமோ காட்டுங்கள். ரகசிய ஒப்பந்தம் இருந்தால் நிறுவனரின் சம்மதத்தோடு காட்டுங்கள். அவரிடம் "இது நல்ல மருந்தா?" என்று கேட்காதீர்கள். "இப்போது கொடுப்பதை நிறுத்திவிட்டு இதை எந்த நோயாளிக்கு எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் ஒரு குறிப்பிட்ட நோயாளியைச் சொன்னால் நிறுவனரோடு அடுத்த மீட்டிங் வையுங்கள். யோசித்து யோசித்து யாரையும் சொல்லவில்லையென்றால் அந்த ரவுண்டை விட்டுவிடலாம்.