காட்டுச் சூழலியல் ஆய்வாளராக விரும்புவோர் எங்கே தொடங்குவது

பட்டத்துக்கும் முன்பாக நீங்கள் கற்க வேண்டியது, ஒரே மரத்தை ஆண்டுக்கணக்கில் பிழையின்றி அளக்கும் பழக்கம்தான். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹபெலும் ராபின் ஃபோஸ்டரும் அமைத்த 50 ஹெக்டேர் ஆய்வுத் திடலில், 1 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரமும் அடையாளமிடப்பட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளக்கப்படுவதால், வெப்பமண்டலக் காடு எப்படி மாறுகிறது என்பதை நம்மால் கணக்கிட முடிகிறது.

நீங்கள் ஒரு ஹெக்டேரில் தொடங்கினால் போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், சரிவாக இருந்தால் மேட்டுப்பக்கம் நின்று, படர்ந்த கொடியை வெட்டாமல் அதன் அடியில் நாடாவை நுழைத்து, தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்றி அளக்க வேண்டும். அடிமரத்திலிருந்து பலகைபோல் விரியும் பலகைவேர் அந்த உயரத்தைத் தாண்டினால், வேர் முடியும் இடத்துக்கு மேலே அளந்து, அந்த உயரத்தையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த கணக்கெடுப்பில் மரம் இளைத்ததாகத் தோன்றும். எண் தகட்டின் ஆணியை முழுவதும் அடிக்காமல், மரம் பருக்க இடம் விட்டு, அளவிடும் கோட்டிலிருந்து தள்ளி அடியுங்கள்.

உள்ளூர் மரமறிந்தவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். இலையைக் கசக்கி மணத்தாலேயே இனம் சொல்லும் அவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுவதே நியாயம். மேற்படிப்பு, உதவித்தொகை ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை இந்தத் தரவோடு அனுப்புங்கள்.