வகுப்புக்கு வெளியே நடக்கும் கற்றலை அளக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தொழிற்சாலையின் பயிற்சித் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஊழியர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘கற்றல் மதிப்பெண்’. எத்தனை வீடியோ பார்த்தார், எத்தனை குறிப்பு எழுதினார் என்பதையெல்லாம் கூட்டி வந்த எண். “அடுத்த வருஷம் இதை அப்ரைசலோட சேர்க்கப் போறோம் சார்” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

ஒரே ஆள் இரண்டு பணியாளர் எண்ணில் வருவது, தேதி மாறிக் கிடப்பது போன்ற தரவுப் பிழைகள் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆளுக்கு மதிப்பெண் போடுவது

அப்போது கோயம்புத்தூர் பக்கம் பம்பு பாகங்களைக் கடையும் ஒரு ஆலையில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தேன். பயிற்சிகளைப் பதிவு செய்யும் மென்பொருளான எல்எம்எஸ்ஸில் வகுப்புக்கு வந்த கணக்கும் தேர்வு மதிப்பெண்ணும் மட்டுமே இருக்கும். இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) ஏன் சீக்கிரம் உடைகிறது, கிளாம்ப் பண்ணும்போது ஜாப் (கடையும் பாகம்) ஏன் கோணுகிறது என்பதையெல்லாம் ஆட்கள் மெஷின் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டார்கள். அது எங்கேயும் பதிவாகவில்லை. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை.

ஷாப் ஃப்ளோரில் டேப்லெட் வைத்தோம். ஒரு சிக்கலைத் தீர்த்தவர் நாலு வரி எழுத வேண்டும். முதல் மூன்று மாதம் குறைவாகத்தான் வந்தது, ஆனால் வந்தவை நல்ல குறிப்புகள். அத்தோடு விட்டிருக்கலாம். நான் குறிப்புக்கு 5 புள்ளி, பதிலுக்கு 3, படித்தால் 1 என்று வைத்து, மாதாமாதம் பட்டியலை கேன்டீனில் ஒட்டினேன். அடுத்த வருடம் அதை இன்க்ரிமென்ட்டோடு சேர்க்கவும் ஒப்புக்கொண்டேன்.

“மெஷினைச் சுத்தமாக வைக்கவும்” போன்ற குறிப்புகள் குவிந்தன. ஒரே ஷிப்டில் இரண்டு பேர் மாறி மாறிக் கேள்வி கேட்டுப் பதில் போட்டுக்கொண்டார்கள். அதைக்கூடச் சரிசெய்திருக்கலாம். அந்த ஆலையில் ஒரு மூத்த செட்டர், அதாவது மெஷினை வேலைக்குத் தயார்படுத்துபவர், இருந்தார். மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். மூன்று ஷிப்டு ஆட்களும் அவரிடம்தான் ஓடுவார்கள். அவர் டேப்லெட்டைத் தொட்டதே இல்லை, அதனால் 140 பேர் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் யாராவது சந்தேகம் கேட்டால் “அதுலயே பார்த்துக்க தம்பி” என்று சொல்ல ஆரம்பித்தார்.

சில வாரம் கழித்து, நைட் ஷிப்டில் ஒரு புதுப் பையனுக்கு துளையின் உட்பக்கத்தைக் கடையும் போரிங் பாரில் அதிர்வு வந்திருக்கிறது. ஃபீடை, அதாவது டூல் முன்னேறும் வேகத்தை, குறைத்துக்கொண்டே போயிருக்கிறான். பார் ரொம்ப வெளியே நீட்டியிருந்ததுதான் காரணம். ஃபீடை அளவுக்கு மேல் குறைத்தால் டூல் வெட்டாமல் உரசும், அதிர்வு இன்னும் கூடும். அந்தப் பெரியவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. காலையில் வார்ப்புகள் மொத்தமும் ஸ்கிராப்.

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கற்றல் எங்கே நடந்துகொண்டிருந்ததோ, அந்த இடத்தையே என் அளவுகோல் மூடிவிட்டது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் கதை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1980-களில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் அவர்களுடைய நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளோடு கூடவே சுற்றினார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளிலிருந்து கற்பதைப் பார்த்தார். பின்னால் அந்த நிறுவனம் ‘யுரேகா’ என்ற தரவுத்தளத்தை அமைத்தது. மெக்கானிக்குகள் எழுதும் குறிப்பை அனுபவமுள்ள மற்ற மெக்கானிக்குகளே சரிபார்த்தார்கள். எழுதியவர் பெயர் குறிப்போடு இருந்தது. சக தொழிலாளிகள் தரும் மரியாதைதான் அங்கே எழுத வைத்தது.

சரி, எதை அளப்பது? ஆளை விட்டுப் பழுதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிரேக்டவுன் திரும்ப வரும்போது சரிசெய்யும் நேரம் குறைகிறதா? ஒரு ஷிப்டில் கண்டுபிடித்த தீர்வு அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேர்ந்ததா? லாக் புக்கிலும் ஸ்கிராப் கணக்கிலும் இதற்கான விஷயம் ஏற்கெனவே கிடக்கிறது. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரிடமும் ஒரே கேள்வி: “வேலையில் சிக்கியபோது யாரிடம் கேட்டீர்கள்?” நாங்கள் தாமதமாகக் கேட்டபோது, மூன்று ஷிப்டிலிருந்தும் அந்தச் செட்டரின் பெயர்தான் வந்தது. அவர் ஓய்வு பெற ஒன்றரை வருடமே இருந்தது.

எக்ஸ்ஏபிஐ வாங்கினால் போதும் என்று நினைப்பது

ஆன்லைன் பாடங்களுக்கான பழைய தரநிலையான ஸ்கார்ம், பாடத்துக்குள் நடப்பதை மட்டும் பதிவு செய்யும். 2013-ல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த எக்ஸ்ஏபிஐ என்ற தரநிலை, ‘யார், என்ன செய்தார், எதை’ என்ற வடிவில் எங்கே நடப்பதையும் எழுதி வைக்கும். நல்ல வசதிதான். ஆனால் ஒரு மென்பொருள் ‘பார்த்தார்’ என்றும் இன்னொன்று ‘முடித்தார்’ என்றும் ஒரே செயலை எழுதினால் பிறகு கூட்டவே முடியாது. எந்தச் செயலுக்கு எந்த வினைச்சொல் என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

70-20-10-ஐ இலக்காக வைப்பது

கற்றலில் 70 சதவீதம் வேலையிலிருந்து, 20 மற்றவர்களிடமிருந்து, 10 வகுப்பிலிருந்து என்பார்கள். மேலாளர்கள் தாங்கள் எப்படிக் கற்றோம் என்று நினைவுகூர்ந்ததிலிருந்து வந்த விகிதம் அது. லேத் ஆப்பரேட்டரின் மணிக்கணக்கை அதற்குள் திணிக்காதீர்கள்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் ஸ்கில் மேட்ரிக்ஸ் (யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற பட்டியல்) நிரப்புவது

வேண்டாம்.

சொல்லாமல் எடுப்பது

ஷிப்டு வாட்ஸ்அப் குரூப்பை யாருக்கும் தெரியாமல் அலச ஆரம்பித்தால், ஒரே வாரத்தில் அவர்கள் வேறு குரூப் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். பெயர் இருக்கும் நெடுவரிசையை எடுத்துவிட்டால் அங்கே என்ன போடுவது என்று கேட்டார். மெஷின் நம்பரைப் போடச் சொன்னேன். இப்போது ஆறு மாதத்துப் பிரேக்டவுன் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.